வாசல் எந்தத் திசை என்று கேட்கும் நாற்றுப்பண்ணை

கடலூரிலிருந்து திருவந்திபுரம் வழியாகப் பாலூர் செல்லும் சாலையில், கேப்பர் மலையின் செம்மண் சரிவை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரில் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கூட்டம் சேர்ந்தால் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் நின்று பேசி விற்க முடியாது என்பதால், பெயரையோ தொலைபேசி எண்ணையோ எங்கும் எழுத வேண்டாமென்று பண்ணையை நடத்தும் அம்மா கேட்டுக்கொண்டார். அதனால் இடத்தை மட்டும் சொல்கிறேன்.

2024 ஆடி மாதம் முதல் இதுவரை ஏழு முறை அங்கே போயிருக்கிறேன். வாங்கிய 22 செடிகளில் 18 தழைத்து நிற்கின்றன. அதற்கு முந்தைய ஓராண்டில் வேறு இடங்களில் வாங்கிய 15 செடிகளில் தேறியவை மூன்றே. பராமரித்தவன் நான்தான், தண்ணீர் ஊற்றிய கையும் ஒன்றுதான். செடியைத் தேர்ந்தெடுத்த விதம் மட்டுமே மாறியிருந்தது.

எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தை அடுத்து, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. குடிவந்த முதல் ஆண்டு, தை மாதக் குளிரில் சாலையோரக் கடைகளில் பூத்துக் குலுங்கிய ஹைட்ரேஞ்சியா, அசேலியா, ஓசூர்ப் பக்கத்து ரோஜா என்று கண்ணுக்கு அழகாகத் தெரிந்தவற்றையெல்லாம் வாங்கி வந்தேன். முதலிரண்டும் மலைப்பகுதியின் குளிரிலும் புளிப்பான மண்ணிலும் வளர்பவை என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனியில் ஓரம் கருகத் தொடங்கி, அக்கினி நட்சத்திரம் பிறக்குமுன்னரே அவை முடிந்துபோயின.

இந்தப் பண்ணைக்கு முதன்முறை போனபோது, ஒரு செடியின் விலையைக் கேட்டேன். அந்த அம்மா விலையைச் சொல்லாமல், "வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு சார்?" என்று கேட்டார். வடக்கு என்றேன். வீடு எத்தனை அடி உயரம், வடக்கில் மதில்வரை எவ்வளவு இடம், மாடிக்கு மேற்கே வேறு கட்டடம் உண்டா, குழாய்த் தண்ணீரா போர்த் தண்ணீரா, மழையில் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கேள்விகள் தொடர்ந்தன. பாதிக்கு என்னிடம் விடையில்லை. அன்று ஒரு செடிகூட விற்காமல், தோட்டத்தில் மூன்று இடங்களிலிருந்து ஒரு சாண் ஆழத்து மண்ணும், ஒரு பாட்டில் போர்த் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான் என்றாலும் வெறுங்கையோடு திரும்பியது அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மண்ணோடு போனேன். ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உருண்டை பிடிக்கவில்லை, விரல் இடுக்கில் உதிர்ந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் காய்ந்த மண்ணைப் பரப்பி, அதன்மேல் நான்கைந்து சொட்டு வினிகர் விட்டார். மண்ணிலிருந்து மெல்லிய இரைச்சலோடு நுரை கிளம்பியது. தட்டைச் சாய்த்து, நுரை வந்த இடத்தில் அரிசிக் குருணை அளவில் வெள்ளையாகக் கிடந்த துணுக்குகளை நகத்தால் தள்ளிக் காட்டினார். கிளிஞ்சல். கடற்கரை மணலில் ஓடுகள் நொறுங்கிக் கலந்திருப்பதால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, அதனால் மண் காரத்தன்மை கொண்டது, காரமண்ணில் எது வளரும் எது வளராது என்பதை வைத்துத்தான் இனி பேச வேண்டும் என்றார். ஆய்வகப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்கும் கொடுக்கும்படி அவரே சொன்னார். ஆனால் பத்து நிமிடத்தில், என் கண்ணெதிரிலேயே, என் வீட்டு மண்ணைப் பற்றி முதன்முதலாக ஒன்று எனக்குத் தெரியவந்தது.

தண்ணீரை, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியில் பார்த்தார். 1,400 பி.பி.எம். காட்டியது. தரையில் நடும் உப்புத் தாங்கும் செடிகளுக்கு இந்தத் தண்ணீர் போதும், தொட்டிச் செடிகளுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்ற வேண்டும் என்றார். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது உப்பு என்பதும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றி அதைக் கழுவிவிட வேண்டும் என்பதும், தென்னை நார்க்கழிவையும் அலசாமல் மண்கலவையில் சேர்த்தால் அதிலுள்ள உப்பு வேரைப் பாதிக்கும் என்பதும் அன்று கற்றவை.

இந்தப் பண்ணையின் உண்மையான மதிப்பு வெயிலைப் பற்றிய அறிவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பக்கம் செடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடலூர் வடக்கே பதினொன்றே முக்கால் பாகை அகலாங்கில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மார்கழியிலோ உச்சியிலிருந்து ஏறத்தாழ 35 பாகை தெற்கே சாய்ந்துவிடுகிறது. 20 அடி உயர வீட்டின் நிழல் மார்கழி நண்பகலில் வடக்கே 14 அடிவரை விழும். வைகாசி நண்பகலில் அதே வடக்குப் பக்கத்தில் நிழலே இராது. காலையிலும் மாலையிலும்கூடச் சூரியன் வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருப்பதால், வடக்குச் சுவர் நாள் முழுவதும் காயும்.

நான் வீடு பார்த்ததும் தோட்டம் போட்டதும் தை மாதத்தில். வடக்குப் பக்கம் ஈரமும் நிழலுமாகக் குளிர்ந்திருந்ததைப் பார்த்து, அதை நிழலிடம் என்று முடிவுசெய்து, கனகாம்பரமும் பெரணியும் வைத்தேன். சித்திரை முடிவதற்குள் பெரணி வைக்கோலாகிவிட்டது. செடியின் குறை என்று அப்போது நினைத்தேன். தையில் தெரியும் நிழல் வைகாசியில் இருக்காது என்பதை, ஒரு செங்கல்லை வீடாகவும் கைப்பேசி விளக்கைச் சூரியனாகவும் வைத்துக் காட்டி, அந்த அம்மா மண் தரையில் விளக்கியபோதுதான் புரிந்தது. ஆண்டு முழுவதும் நிழலாக இருக்கும் இடம் எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியிலும், கிழக்கு மதிலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே பக்கத்து வீட்டு மாமரம் கவிந்த ஆறடி இடத்திலும் மட்டுமே. கனகாம்பரத்தை அந்த மாமரத்தடிக்கு மாற்றினேன். முழு நிழலும் இல்லாமல் முழு வெயிலும் இல்லாமல் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் விழும் அந்த இடத்தில் இப்போது அது வாரம் இரண்டு முழம் தொடுக்கும் அளவுக்குப் பூக்கிறது.

மேற்குச் சுவருக்கு அவர் வேறு கணக்கு வைத்திருக்கிறார். ஆனி, ஆடியில் கடற்காற்று வரும்வரை மேல்காற்று வறண்டு அடிக்கும். பிற்பகல் வெயிலைக் குடித்த சிமெண்டுச் சுவர் பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை வெளிவிடும். அங்கே இலை மெலிந்த எதுவும் நிற்காது என்று சொல்லி, காகிதப்பூவையும் அரளியையும் கொடுத்தார். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதையும், சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ புழங்கும் இடமானால் வேண்டாம் என்பதையும் பணம் வாங்குமுன் சொன்னார். வேறு கடைகளில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கிழக்குப் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கும். உப்பு படிந்து இலைநுனி பழுப்பேறுவதைத் தாங்கும் செடிகளை அங்கே நிறுத்த வேண்டும். புன்னை ஒன்று, பூவரசு ஒன்று, அவற்றின் மறைவில் நந்தியாவட்டை இரண்டு, தரையோரம் நித்தியகல்யாணி என்று வரிசை சொன்னார். சப்போட்டா உப்பை ஓரளவு பொறுக்கும், எலுமிச்சை பொறுக்காது என்பதால், எலுமிச்சைக்கு வீட்டின் மறைவில் பெரிய தொட்டி என்று முடிவானது. புன்னை மெதுவாகத்தான் வளரும். ஒன்றரை ஆண்டில் இடுப்பளவுக்கு மேல் வரவில்லை. ஆனால் இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கமாக இருக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

புயலை மறந்துவிட்டு எங்கள் கரையில் மரம் தேர்ந்தெடுக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், காற்றைவிட மழையால் வதைத்தது. இந்தப் பண்ணையில் வீட்டுச் சுவரிலிருந்து 15 அடிக்குள் முருங்கை வைக்கக் கேட்டால் மறுக்கிறார்கள், ஏனென்றால் கிளை முறியாத காற்றுக்காலம் முருங்கைக்கு இல்லை. மயில்கொன்றை என்று சிலர் சொல்லும் செம்மயிற்கொன்றையைக் குடியிருப்புக்கு விற்பதே இல்லை. வேர் மேலாகவே ஓடுவதால் ஊறிய மண்ணில் அது நிற்காது. புரட்டாசியில் கவாத்து செய்து கிளையைக் குறைத்துவிட்டால் காற்று மரத்துக்குள் புகுந்து போகும் என்று சொல்லி, எந்தக் கிளையை எடுப்பது என்பதை என் கைப்பேசிப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டினார்.

கன்றுகளின் தரம் நன்றாக இருக்கிறது. கேட்டால் பையிலிருந்து தட்டி எடுத்து வேரைக் காட்டுகிறார்கள். வெண்ணிற நுனியோடு மண்ணைப் பிடித்திருக்கும் வேர் வேண்டும், பையின் அடியில் சுருள்சுருளாகச் சுற்றியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம் என்பது அவர்கள் எனக்குச் சொல்லித்தந்த சோதனை; அதை அவர்கள் கன்றுகளிலேயே செய்து பார்த்து இரண்டை மாற்றி வாங்கியிருக்கிறேன், முகம் சுளிக்கவில்லை. ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரம் அருகே உள்ள கடியத்திலிருந்து லாரியில் வரும் கன்றுகளும் இங்கே உண்டு. வந்தவுடன் விற்பதில்லை. களிமண் கட்டியைத் தளர்த்தி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பைக்கு மாற்றி, முதலில் நிழல்வலைக்குள்ளும் பிறகு திறந்த வெயிலிலும் சில வாரம் வைத்து, புதுத் தளிர் விட்டபின்தான் வெளியே எடுக்கிறார்கள்.

இனி குறைகள். முதலாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பண்ணை வேறு பண்ணையாகிவிடுகிறது. அந்த அம்மா அன்று பெரும்பாலும் இருப்பதில்லை. உதவிக்கு இருக்கும் தம்பிகள் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு ஞாயிறன்று நான் மூன்று இட்லிப்பூச் செடிகளை வாங்கி, கிளிஞ்சல் மண்ணில் நட்டேன். இரண்டே மாதத்தில் புதுத் தளிர்கள் மஞ்சளாயின; நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் நின்றது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பின் காரத்தில் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதால் வரும் குறைபாடு அது. இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டியபோது, "இத உங்க மண்ணுக்குக் குடுத்திருக்கவே கூடாது சார், தப்பு எங்க மேலதான்" என்றார். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, அதில் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து இலையில் தெளிக்கவும், செடிகளை மலைச்செம்மண் நிரப்பிய தொட்டிக்கு மாற்றவும் சொல்லி, செம்மண்ணை விலையின்றிக் கொடுத்தார். இரண்டு பிழைத்தன, ஒன்று போயிற்று. தவறை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனாலும் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும் அறிவு, அவர் இல்லாத நாளில் வாங்குகிறவருக்குப் பயன்படாமல் போகிறது. செடிக்கு ஒரு சீட்டு கட்டி, வெயில், மண், உப்புத் தாங்குமா என்று மூன்று வரி எழுதி வைத்தாலே இது தீர்ந்துவிடும். இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, ஒட்டுக்கன்றுகளில் ரகப்பெயர் குறிக்கப்படுவதில்லை. பழமரம் வாங்குகிறவர் நான்கைந்து ஆண்டு காத்திருந்து, காய்த்தபின்தான் ரகம் எது என்று அறிய முடியும் என்ற நிலை சரியல்ல. பலா, காய்கறி நாற்று போன்றவற்றுக்கு அதே சாலையில் மேலே போய்ப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிப்பது நல்லது; அங்கிருந்து வெளியான பாலூர் 1 பலாவும் பாலூர்க் கத்தரியும் இந்த மாவட்டத்து மண்ணிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

பண்ணையின் பின்புறம், விற்பனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத ஒரு பாத்தி இருக்கிறது. காசான், வீரை, வெப்பாலை, கிளா, குமிழ் என்று இந்தக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரிய மரங்களும் புதர்களும் அங்கே சிறு பைகளில் வளர்கின்றன. இந்த வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் எஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியிருப்பது அவற்றில் ஒன்று. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் மேடாக இருந்த இடத்தில் இந்த மரங்களைத்தான் பின்னர் மீட்டு வளர்த்தார்கள். எட்டு மாத வறட்சியையும் இரண்டு மாதப் பெருமழையையும் காலங்காலமாகத் தாங்கிப் பழகியவை என்பதால், முதலிரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டினால் பிறகு கேட்பதில்லை. நான் வாங்கிய கிளாச்செடி உப்புக்காற்றில் இலை கருகாமல் நிற்கிறது, மணமாகவும் பூத்தது. வேலியோரத்துக்கு என்னென்னவோ வாங்கித் தோற்றவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பாத்தியில் பாதிரிக் கன்றும் இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கும் மரம், பாடலீசுவரர் கோயிலின் தலமரம். ஆசையோடு ஒன்று கேட்டேன். எங்கள் பக்கவாட்டு இடம் நான்கடிதான் என்று அவருக்கு நினைவிருந்தது. "அது பெரிய மரம் சார், நாலடியில வெச்சா ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். கோயில் பக்கம் காலி இடம் கிடைத்தால் வாங்கிப் போய் நடுங்கள், பணம் வேண்டாம் என்றார்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் நண்பரையும் ஒருமுறை அழைத்துப் போனேன். அவர் கொண்டுவந்த மண்ணில் வினிகர் நுரைக்கவே இல்லை. கேப்பர் மலையும் லாஸ்பேட்டை, காலாப்பட்டு மேடுகளும் கடலூர் மணற்கல் என்று புவியியலாளர் குறிப்பிடும் ஒரே பாறையின் மேல் உருவான செம்மண் என்பதால், பண்ணையில் வளர்வதெல்லாம் அவர் வீட்டிலும் வளரும். மக்கிய உரம் மட்டும் நிறையச் சேர்க்க வேண்டும், அந்த மண்ணில் சத்தும் ஈரமும் தங்குவதில்லை. என் வீட்டில் செத்த அதே இட்லிப்பூ அவர் வாசலில் வேலியாகவே எழுந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூட இராது.

விலை சாலையோரக் கடைகளைவிடச் சற்று அதிகம். நந்தியாவட்டை 70 ரூபாய், புன்னை 90, கிளா 60 என்று வாங்கினேன். எலுமிச்சை ஒட்டுக்கன்று 180. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தலாம் என்றாலும் தொடர்பு அடிக்கடி கிடைப்பதில்லை. ரொக்கம் கொண்டுபோவது நல்லது. காலை ஏழு மணிக்கே திறந்திருக்கும். செவ்வாய் முதல் வெள்ளிவரை, வெயில் ஏறுமுன் போனால் நிதானமாகப் பேச நேரம் கிடைக்கிறது. வாசல் திசை, மதில்வரை உள்ள இடத்தின் அளவு, வெயில் விழுவதைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் எடுத்த படங்கள், மண், தண்ணீர் ஆகியவற்றோடு போகிறவர்களுக்கு ஒரே பயணத்தில் வேலை முடியும்.

ஃபெஞ்சல் மழையில் ஈசானிய மூலையில் இரண்டு நாள் தேங்கிய நீரில் என் இரண்டு பப்பாளிகளும் அழுகிப்போயின. நான் ஊரில் இல்லாத பத்து நாளில் காய்ந்த கறிவேப்பிலையைப் போலவே அதற்கும் பண்ணை பொறுப்பல்ல. மாற்றுக் கன்று கேட்டபோது, அடுத்த மழையில் அந்த மூலையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்லும்வரை கொடுக்க மாட்டேன் என்றார். 2025 ஐப்பசியில் ஒரு குச்சியை நட்டுக் கோடு போட்டுப் பார்த்தேன். முப்பது மணி நேரம் நின்றது. அதைக் கேட்டபின் அந்தப் பள்ளத்துக்குக் கல்வாழைக் கிழங்கு நான்கும், அதற்கு ஆறடி தள்ளி ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி வைக்கச் சொல்லிப் பப்பாளி ஒன்றும் கொடுத்தார். கல்வாழை நான்கும் முளைத்துவிட்டன. பப்பாளியில் இப்போது ஏழு இலைகள் இருக்கின்றன.